வீடு, வேலை, அதற்குப் பிறகு படிப்பு: தள்ளிப்போடுவது பற்றி வாசகர்கள் கேட்டவை

பள்ளிப்படிப்பை முடித்த கையோடு பட்டப்படிப்புக்குப் போகாமல், பத்து இருபது ஆண்டுகள் வேலை, குடும்பம் என்று ஓடிய பிறகு மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பவர்கள் தங்கள் சிக்கல்களை எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கட்டணம், கணினி, வகுப்பில் இளையவர்களோடு உட்காரும் கூச்சம் என்று பலவகைக் கடிதங்களை எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: எழுத வேண்டியதை எழுதாமலும் படிக்க வேண்டியதைப் படிக்காமலும் கடைசி நாள்வரை தள்ளிப்போடுவது. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன, கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

*

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முழுநேர வேலை. 17 ஆண்டுகளுக்குப் பிறகு பகுதிநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். அசைன்மென்ட் எழுத எட்டு வாரம் தருகிறார்கள்; நான் தொடங்குவது கடைசி இரண்டு இரவுகளில்தான். உடன் படிக்கும் 19 வயதுப் பிள்ளைகள் எல்லாரும் ஒழுங்காக முடித்துவிடுவதாகத் தெரிகிறது. அலுவலகத்தில் மாதக் கணக்கை நான் ஒரு நாள்கூடத் தாமதமாக முடித்ததில்லை. படிப்பில் மட்டும் ஏன் இப்படிச் சோம்பேறியாக இருக்கிறேன்?

பதில்: விடிந்ததும் எழுந்து வீட்டு வேலைகளை முடித்து, நாள் முழுதும் அலுவலகத்தில் கணக்குப் பார்த்து, திரும்பி வந்து பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் கவனிக்கிற ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல வேறு யாருக்கும் வாய் வராது. மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்கைத் தனித்தனியே எண்ணுகிறார் (குறள் 605). காலம் நீட்டிப்பதாகிய நெடுநீர் வேறு, சோம்பலாகிய மடி வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்கிறது. இன்றைய உளவியலாரும் ஏறக்குறைய அப்படித்தான் பிரிக்கிறார்கள். சோம்பலில் செய்யும் எண்ணமே இருப்பதில்லை. தள்ளிப்போடுபவருக்கோ செய்யும் எண்ணம் இருக்கிறது, தாமதித்தால் தமக்கே கெடுதல் என்பதும் தெரிகிறது, தெரிந்தும் தள்ளிப்போடுகிறார்.

அந்த 19 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். லாரா சாலமன், எஸ்தர் ராத்பிளம் என்ற இருவர் 1984இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், பருவக் கட்டுரையை எப்போதும் அல்லது ஏறக்குறைய எப்போதும் தள்ளிப்போடுவதாக ஒப்புக்கொண்டவர்கள் 46 சதவீதம். பியர்ஸ் ஸ்டீல் 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, வயது ஏற ஏற இந்தப் பழக்கம் பொதுவாகக் குறைகிறது என்றே கண்டார். உங்கள் வயது உங்களுக்கு எதிராக நிற்கவில்லை.

பிறகு எது தடுக்கிறது? கடிதத்தின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு உங்கள் அக்கா வந்து பிள்ளைகளை அழைத்துப் போய்விட்டார். வீட்டில் யாரும் இல்லை. மடிக்கணினியைத் திறந்தீர்கள். கோப்புக்குப் பெயர் வைத்தீர்கள், தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினீர்கள், பக்கத்தின் ஓர இடைவெளியைச் சரிசெய்தீர்கள். கேள்வித்தாளில் ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்றிருந்ததை மூன்று முறை படித்தீர்கள். அப்போது பெரியவனின் பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதைத் தைத்து, ஊசிநூல் பெட்டியை அடுக்கி, அது இருந்த அலமாரியின் மேல்தட்டையும் துடைத்து நிமிர்ந்தபோது மணி ஐந்து. பொத்தான் தைக்க வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது வியாழக்கிழமையே அறுந்துவிட்டது என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

குடும்பத்தோடும் வேலையோடும் படிப்பவர்களின் தள்ளிப்போடல் இளையவர்களுடையதிலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். 19 வயதுப் பையன் புத்தகத்தை மூடிவிட்டு விளையாடப் போனால் அது தப்பித்தல் என்று அவனுக்கும் தெரியும், வீட்டாருக்கும் தெரியும், திட்டுவதற்கு ஆளும் இருக்கும். பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் தாயை யார் திட்டுவார்கள்? அவருடைய மனசாட்சியே திட்டாது. நம்முடைய தப்பித்தல் கடமையின் உடையில் வருகிறது. அதனால் நமக்கே அடையாளம் தெரிவதில்லை. ஃபுஷியா சிராய், திமோத்தி பிச்சில் ஆகிய இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாமையைவிட மனநிலையைச் சரிசெய்யும் முயற்சி என்றே விளக்கினார்கள். ஒரு வேலையை நினைத்தாலே அச்சமோ சலிப்போ எழுகிறது, அதை விட்டு எழுந்தால் உடனே ஆறுதல் கிடைக்கிறது, விலையை நாளைக்கு வரப்போகும் நாம் கொடுக்கிறோம். மாதக் கணக்கு உங்களுக்கு அச்சம் தருவதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது கைக்குத் தெரியும். ‘விமர்சன நோக்கில் ஆராய்க’ என்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது 17 ஆண்டுகளாகக் கைக்குப் பழக்கமில்லாதது. அந்தச் சங்கடத்திலிருந்துதான் பொத்தானுக்கு ஓடியிருக்கிறீர்கள்.

அதேசமயம், எல்லாத் தாமதமும் தப்பித்தல் ஆகிவிடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் படிக்காமல் போனது தள்ளிப்போடல் இல்லை. அன்று நேரம் இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்காத வரை, செய்யாத குற்றத்துக்கு வருந்துவதும் செய்த குற்றத்தைக் கவனிக்காமல் விடுவதுமாகக் காலம் போகும். மூன்று வாரத்துக்கு நாட்காட்டியில் ஒவ்வோர் இரவும் ஒரு சொல் எழுதிவையுங்கள்: ‘நேரமில்லை’ அல்லது ‘நேரமிருந்தது’. வேறு விளக்கம் எதுவும் வேண்டாம். ‘நேரமில்லை’ என்பதே மிகுந்திருந்தால், எடுத்திருக்கும் பாடங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் அல்லது வீட்டு வேலையைப் பங்கிட வேண்டும். மனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை.

‘நேரமிருந்தது’ மிகுந்திருந்தால் வேலையின் முதல் படியைச் சிறிதாக்குங்கள். ‘கட்டுரை எழுத வேண்டும்’ என்று குறிப்பதைவிட, ‘இந்த நூலாசிரியர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றை இரண்டு வரியில் எழுத வேண்டும்’ என்று குறித்துக்கொண்டால் உட்கார முடியும். எப்போது, எங்கே என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையின்போது 48 மணி நேரத்துக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் எழுதப்போகிறோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சொன்னபடி எழுதினார்கள். குறிக்காதவர்களில் எழுதியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். ‘இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், அடுப்படி விளக்கை அணைப்பதற்கு முன், அங்கேயே நின்றபடி இரண்டு வரி’ என்ற அளவுக்கு அது திட்டவட்டமாக இருக்கட்டும். பொத்தான்கள் நினைவுக்கு வந்தால் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவை எங்கும் ஓடிப்போகாது.

*

கேள்வி: வயது 44. தொழிற்சாலையில் சுழல்முறை ஷிப்ட். தொலைநிலைக் கல்வியில் மேலாண்மை படிக்கிறேன். கத்தி கழுத்துக்கு வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்கிறது. இதுவரை எந்தத் தாளிலும் தவறியதில்லை. பிறகு எதற்காக மாற வேண்டும்?

பதில்: நெருக்கடி இல்லாமல் நீங்கள் ஒரு கட்டுரைகூட எழுதிப் பார்த்ததில்லை. அப்படியிருக்க, நெருக்கடியில் எழுதியதுதான் சிறந்தது என்று எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குப் பொருந்தும். தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாகவும் உடல்நலத்தோடும் இருந்தார்கள். தொடக்க நிலையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி என்று தோன்றும். பருவ இறுதியில் அவர்களின் மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் மற்றவர்களைத் தாண்டிப் போயின. இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது நட்டம் அவர்களுக்கே. மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

நெருக்கடி மூளையைக் கூர்மையாக்குகிறது என்பதைவிட, மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிடுகிறது என்பதே உண்மைக்கு நெருக்கமானது. எழுதுவதா வேண்டாமா, நன்றாக வருமா வராதா என்று யோசிக்க அவகாசம் இல்லாததால் கை ஓடுகிறது. அந்த ஓட்டம் எனக்கும் பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; இந்தப் பகுதியைக்கூட ஆசிரியர் இரண்டாவது முறை நினைவூட்டிய பிறகுதான் எழுதத் தொடங்கினேன்.

ஆனால் உங்கள் நிலையில் ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்குக் கடைசி இரவு முழுக்க அவனுடையது. உங்கள் கடைசி இரவு உங்கள் கையில் இல்லை. உடன் வேலைசெய்பவர் விடுப்பு எடுத்தால் இரட்டை ஷிப்ட் உங்கள் தலையில் விழும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகலாம். பதிவேற்றும் நேரத்தில் இணையம் படுத்துவிடலாம். இதுவரை தவறாமல் போனதில் உங்கள் திறமைக்கும் பங்குண்டு, அந்த இரவுகளில் எதுவும் நடக்காமல் இருந்ததற்கும் பங்குண்டு.

நாம் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனதோ சராசரி 55 நாளுக்கும் மேல். 1994இல் வெளியான ஆய்வு இது. மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கையும் உண்மை மிஞ்சிவிட்டது. எனவே ‘இரண்டு இரவு போதும்’ என்று தோன்றும் வேலைக்கு நான்கு இரவு ஒதுக்குங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் ஒப்படைப்பு நாள் விழுந்தால், அதற்கு முந்தைய வாரத்தின் ஓய்வுநாளையே கடைசி நாளாக எழுதிவையுங்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தவுடன் மனம் படிப்பில் இறங்காது. இயந்திரத்தின் சத்தமும் மேற்பார்வையாளர் சொன்ன சொல்லும் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முன்பு விட்டுவந்த வேலையின் மிச்சம் அடுத்த வேலையில் கவனத்தைப் பிடித்து இழுப்பதை சோஃபி லெரோய் 2009இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படிப்பை நிறுத்தும்போது அடுத்து எழுத வேண்டிய வரியைப் பாதியில் விட்டுவையுங்கள். அடுத்த முறை யோசித்துத் தொடங்க வேண்டியிருக்காது. வாக்கியத்தை முடித்தாலே போதும், உள்ளே போய்விடுவீர்கள்.

*

கேள்வி: கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டால் இந்தப் பழக்கம் போய்விடும் என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: பாதி உண்மை. கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் தூண்டுதலை அகற்றுவது எப்போதும் நல்லது. ஆனால் குடும்பத்தோடு இருப்பவர் கைபேசியை முற்றிலும் ஒதுக்க முடியாது, பள்ளியிலிருந்தோ வயதான பெற்றோரிடமிருந்தோ அழைப்பு வரலாம்; பாடங்களும் அதிலேயே வருகின்றன. முக்கியமான நால்வரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்து, படிக்க வேண்டிய பக்கங்களை அச்செடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் மனம் நழுவினால் காரணம் கைபேசியில் இல்லை. கைபேசி போன இடத்தில் பொத்தான் வந்து உட்காரும்.

*

கேள்வி: என் மனைவி 12 ஆண்டுகள் கழித்து முதுகலை படிக்கச் சேர்ந்திருக்கிறார். பாடங்களை ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறார். ‘எழுதிவிட்டாயா’ என்று தினமும் அக்கறையோடுதான் கேட்கிறேன். கோபித்துக்கொள்கிறார். நான் எப்படி உதவுவது?

பதில்: முதலில் கேட்பதை நிறுத்துங்கள். எழுதவில்லை என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் கேட்கும்போது அந்த வருத்தம் இரட்டிப்பாகிறது, அந்த வருத்தத்திலிருந்து தப்பிக்கப் படிப்பிலிருந்து இன்னும் விலகுவார்.

இரண்டாவது, வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், வீட்டை முழுமையாக நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். முழுமையாக என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘ஏதாவது உதவட்டுமா’ என்று நீங்கள் கேட்டால், என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே உங்கள் மனைவிக்கு ஒரு வேலையாகிவிடுகிறது. குழந்தையின் மாற்று உடை எந்த அடுக்கில் இருக்கிறது, மருந்து எத்தனை மணிக்கு என்பவற்றையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கதவைத் தட்டிக் கேட்காத அளவுக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கதவு ஒருமுறை தட்டப்பட்டால், அடுத்த தட்டலுக்குக் காத்திருப்பதிலேயே மிச்ச நேரம் போய்விடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். சும்மா படுத்திருந்தாலும் சரி. முதல் இரண்டு வாரம் அவர் தூங்கவே செய்யலாம்; அதுவரை தள்ளிப்போனது படிப்பு மட்டும் இல்லை என்று அதற்குப் பொருள். தடையில்லாத நேரம் கைக்கு வந்த பிறகுதான், எழுத முடியாமல் போனது நேரத்தாலா மனத்தாலா என்பது அவருக்கே புலப்படும். அதை அவரே கண்டுகொள்ள வேண்டும். நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால் அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும்.

*

கேள்வி: 56 வயதில் விருப்ப ஓய்வு பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தேன். உயர் பொறுப்பில் இருந்தவன். மூன்று ஆண்டுகளில் 11 நோட்டுப் புத்தகங்கள் நிறையக் குறிப்பெடுத்துவிட்டேன். ஓர் இயல்கூட எழுதவில்லை. இன்னும் நான்கைந்து நூல்களைப் படித்துவிட்டால் தொடங்கிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் தோன்றுகிறது. நெறியாளரின் இரண்டு மின்னஞ்சல்களுக்கு ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. இப்போது அவரைச் சந்திக்கவே தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் அவசரம் இருக்கிறது; அதிலிருந்து தொடங்குவோம். நான் 41 வயதில் முதுகலை படித்தபோது, ஆய்வேட்டின் முதல் வரைவுக்கான நாள் கடந்து மூன்றாம் நாள் நெறியாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. திறக்கவில்லை. மறுநாள் திறக்கலாம் என்று வைத்தேன். மறுநாள் அதைத் திறப்பது இன்னும் கடினமாக இருந்தது. அவர் என்னவெல்லாம் எழுதியிருப்பார் என்று மனத்துக்குள் நானே எழுதி, அதற்குப் பதிலும் தயாரித்து, அந்தப் பதிலுக்கு அவர் சொல்லப்போகும் மறுமொழிக்குக் கூசி, 19 நாள் போயிற்று. பல்கலைக்கழக வளாகத்தில் அவர் எதிரே வந்தால் நூலகத்தின் பின்வாசலுக்குத் திரும்பிவிடுவேன். கடைசியில் திறந்து பார்த்தால், அடுத்த வாரம் வகுப்பு வேறு அறையில் நடக்கும் என்று எல்லாருக்கும் அனுப்பிய அறிவிப்பு.

உங்களுக்கு வந்தவை அறிவிப்புகளாக இருக்காது. ஆனாலும் அவற்றில் இருப்பதைவிடப் பெரிதாக ஒன்றை நீங்கள் ஆறு வாரமாக மனத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உறுதி. இன்றே பதில் அனுப்புங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம், நீண்ட விளக்கம் எழுத நினைத்தால் அதுவும் தள்ளிப்போகும். ‘பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். எழுதுவதில் தடுமாற்றம் இருக்கிறது. இந்த வாரம் அரை மணி நேரம் சந்திக்க முடியுமா?’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். மாணவர்கள் காணாமல் போவதும் திரும்பி வருவதும் நெறியாளர்களுக்குப் புதிது இல்லை.

அடுத்தது 11 நோட்டுப் புத்தகங்கள். படிப்பது ஆய்வின் பகுதி என்பதால், அதைத் தப்பித்தல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முதல் கடிதத்தில் பொத்தான் செய்த வேலையை உங்களிடம் நூலகம் செய்கிறது. அடுத்த நூலை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஏற்கெனவே எழுதிய எந்தப் பத்தி இந்த நூலால் மாறக்கூடும்? எழுதிய பத்தியே இல்லை என்றால் அந்த நூலுக்கு இன்னும் வேளை வரவில்லை.

உயர் பொறுப்பில் இருந்ததை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். எனக்கென்னவோ முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் மற்றவர்கள் எழுதிவந்த வரைவைத் திருத்திக் கையெழுத்திட்டவர், இப்போது தம் வரைவைத் தம்மைவிட வயதில் இளையவர் ஒருவரின் திருத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். 20 வயதில் மோசமான கட்டுரை எழுதினால் ‘இப்போதுதானே கற்கிறான்’ என்று உலகம் விட்டுவிடும், நாமும் நம்மை விட்டுவிடுவோம். 56 வயதில் ‘இவ்வளவுதானா இவர்’ என்று யாரேனும் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் எழுகிறது. எழுதாத இயலில் பிழை இருக்க முடியாது. எழுதாமல் இருக்கும்வரை உங்கள் பழைய மதிப்பு பத்திரமாக இருக்கிறது. இதை வெளிப்படையாகச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, மோசமான இயல் ஒன்றை எழுதுங்கள். நோட்டுப் புத்தகங்களை மூடிவைத்துவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் கொண்டு, மேற்கோளும் அடிக்குறிப்பும் இல்லாமல், உங்கள் பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு விளக்குவதுபோல் நாளுக்கு ஒரு பக்கம். நினைவில் தங்காதது பெரும்பாலும் இயலுக்கும் தேவைப்படாது. நெறியாளரைச் சந்திக்கும்போது இரண்டு பக்கத்தை அப்படியே கொடுத்துவிடுங்கள்.

போன மூன்று ஆண்டுகளுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. மைக்கேல் வோல், பிச்சில், பென்னட் ஆகியோர் 2010இல் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. தன்னைக் கடிந்துகொண்டால் திருந்திவிடுவோம் என்றுதான் நாம் எல்லாரும் வளர்க்கப்பட்டோம். கடிந்துகொள்ளக் கடிந்துகொள்ள அந்த வேலையின் பக்கம் போகவே மனம் கூசுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது.

*

கேள்வி: நான் மாலைநேர வகுப்புகளில் கற்பிக்கும் ஆசிரியர். என் மாணவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள்மீது இரக்கப்பட்டு, ‘பருவ முடிவுக்குள் எப்போது வேண்டுமானாலும் தாருங்கள்’ என்று சொல்லிவிட்டேன். எல்லாக் கட்டுரைகளும் கடைசி வாரத்தில்தான் வருகின்றன, தரமும் குறைவு. கண்டிப்பாக இருப்பது கொடுமை என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் இரக்கம் சரி, அதைக் காட்டிய இடம்தான் தவறு. இதே நிலையை டான் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ரோக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். அதில் கலந்துகொண்டவர்களும் வேலையில் இருந்துகொண்டு படிக்க வந்தவர்களே. 14 வாரப் பாடத்துக்கு மூன்று கட்டுரைகள். ஒரு பிரிவுக்குச் சம இடைவெளியில் மூன்று தேதிகள் விதிக்கப்பட்டன. மற்றொரு பிரிவில் ஒவ்வொருவரும் தாமே தேதி குறிக்கலாம், மூன்றையும் கடைசி நாளிலேயே தருவதாகவும் சொல்லலாம்; ஆனால் குறித்த பின் மாற்ற முடியாது, தாமதமானால் நாளுக்கு ஒரு சதவீத மதிப்பெண் குறையும். கடைசி நாளையே தேர்ந்தெடுப்பதுதான் கணக்குப்படி ஆதாயம். ஆயினும் பெரும்பாலோர் முன்னதாகவே தேதி குறித்துக்கொண்டார்கள். தங்கள் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அப்படிக் குறித்தும், சம இடைவெளியில் தேதி விதிக்கப்பட்டவர்களே கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள்.

இடைத் தேதிகளை வையுங்கள். அவை சிறியவையாக இருக்கட்டும்: மூன்றாம் வாரம் தலைப்பும் ஒரு பத்தியும், ஆறாம் வாரம் இரண்டு பக்கம், பத்தாம் வாரம் முழு வரைவு. கொடுத்ததைப் படித்து நான்கைந்து நாளுக்குள் இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். தேதியைவிட அந்த இரண்டு வரிக்காகத்தான் அடுத்த முறை எழுதுவார்கள். தன் கட்டுரைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது வீட்டில் தனியே படிப்பவருக்குக் கிடைக்காத ஒன்று. இரக்கத்தைக் காட்ட வேறு இடம் இருக்கிறது: பருவத்துக்கு ஒருமுறை, காரணம் கேட்காமல், ஐந்து நாள் தள்ளித் தரலாம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மருத்துவச் சான்று வாங்கிக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்க நேர்வதுதான் உண்மையில் கொடுமை.

*

கேள்வி: இரண்டு பருவமாக எந்தக் கட்டுரையையும் கொடுக்கவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். அதையும் முடிவு செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த பருவப் பதிவுக்கு இந்த மாதம் 28ஆம் தேதி கடைசி நாள்.

பதில்: விடுவது வேறு, விட்டுப்போவது வேறு. இது இப்போதைக்கு வேண்டாம் என்று தீர்மானித்து நிறுத்துகிறவருக்கு அதில் அவமானம் எதுவும் இல்லை. வீட்டில் நோயாளி இருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், படிப்பு எதிர்பார்த்ததாக இல்லாமல் போகலாம். பணம் கட்டாமல், கடிதத்துக்குப் பதில் போடாமல், தானாகப் பெயர் நீங்கட்டும் என்று காத்திருப்பவருக்குத்தான் பின்னால் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு உறுத்தும். பல பல்கலைக்கழகங்களில் பதிவை ஒரு பருவமோ ஓர் ஆண்டோ இடைநிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அது பெரும்பாலும் பருவம் தொடங்குவதை ஒட்டியே இருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். படிப்பில் மட்டுமல்லாமல், சிறு வயதிலிருந்தே வீட்டு வேலை, பணம் கட்டுவது, பொருளை வைத்த இடத்தில் எடுப்பது என்று எல்லாவற்றிலும் இந்தத் தடுமாற்றம் இருந்துவந்திருந்தால், அது கவனக்குறைவுக் கோளாறாக இருக்கலாம். பெரியவர்களிடமும் அது இருப்பது உண்டு, சிகிச்சையும் உண்டு. இந்த இரண்டு பருவத்தில்தான் எதிலும் பிடிப்பில்லாமல் போயிற்று, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருத்துவரிடம்தான் போக வேண்டும்; நாட்காட்டியும் தேதியும் அங்கே உதவா.

அதுவரை 28ஆம் தேதிக்குள் முழு முடிவையும் எடுத்தாக வேண்டியதில்லை. பதிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: இடைநிறுத்தத்துக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் படிவத்தில்? அழைக்கக் கூச்சமாக இருந்தால் வீட்டில் வேறு யாரையாவது கேட்கச் சொல்லலாம். தேதியைக் கேட்டறிய மாணவர் எண்கூடத் தேவைப்படாது.